ரப்பர் சாத்தமுது

ஒரு காரியத்தை முறைப்படி செய்தால் அது கெட்டுப்போகாது என்பது என் வாழ்நாள் நம்பிக்கை. அது பொய் என்று எனக்கு இருபத்து நாலாம் வயதில், பன்னிரண்டு அடி ஆழத்தில் தெரிந்தது. தெரிந்த பிறகும் நம்பிக்கையை விடவில்லை. நீர்ப்பாசன இலாகாவில் அதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகாராஜா, ராஜப்பிரமுகர் என்ற பெயரில் வெறும் மாநிலத் தலைவர் ஆகிவிட்டார். இனி எல்லாம் மாறிவிடும் என்றார்கள். எங்கள் மைசூர் ஆபீஸில் மாறியது சுவரில் தொங்கிய படம் மட்டும்தான். அரக்கு முத்திரையில் மகாராஜாவின் இரண்டு தலைப் பறவை அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் அங்கே புதிதாகச் சேர்ந்த இளம் எஞ்ஜினியர். ஆறு மாதத்தில் ஆபீஸில் இருந்த எல்லா விதிகளையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஏழாம் மாதம், இல்லாத விதிகளை எழுத ஆரம்பித்தேன். (இந்த மாதிரி ஆளை யாருக்குத்தான் பிடிக்கும்? அம்மாவுக்குக்கூடப் பிடிக்கவில்லை.)

எங்களிடம் மாதப்பன் என்று ஒருவர் இருந்தார். கொள்ளேகால்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏரி மதகின் கண் அடைத்துக்கொண்டால் முங்கிப் போய்ச் சரிசெய்வது அவர் வேலை. அவருடைய கருவிகள், ஒரு கோவணமும் இடுப்பில் ஒரு சின்ன அரிவாளும். மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குவார். பாசியையும் வேரையும் அறுத்துத் தள்ளுவார். மேலே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே வெற்றிலை கேட்பார். இதற்கு விதிமுறை என்று ஒரு வரிகூடக் கோப்பில் கிடையாது. அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தச் சமயத்தில் ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மாதிரிக்கு அனுப்பியது. உள்ளே ஓர் இரும்பு உருளை. அதில் அழுத்தி அடைத்த காற்று. உருளையின் தலையில் ஒரு பெட்டி. அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி மடிப்பு மடிப்பாக இரண்டு ரப்பர் குழாய்கள். ஒன்று மூச்சை இழுக்க, மற்றொன்று விட. இரண்டும் சேரும் இடத்தில் வாயில் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் துண்டு. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு வாத்துப் பாதம், இடுப்புக்கு ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட். இதை மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குள் அரை மணி நேரம் மூச்சு விடலாமாம். பம்பாயில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டினாராம்.

கூடவே ஒரு புத்தகம். அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. நான் இரண்டு தடவை படித்தேன். படித்தவன்தான் நிபுணன் என்பது ஆபீஸ் வழக்கம். உடனே நாற்பத்தொரு விதிகள் எழுதினேன். அவற்றோடு ஒரு நோட்டும் வைத்தேன்: "இக்கருவி வெற்றிகரமாக இயங்கும் பட்சத்தில், முங்கும் ஆள் என்ற பணியிடத்தை நீக்கிவிடலாம்." எழுதும்போது எனக்கு மாதப்பனின் முகம் நினைவுக்கு வரவில்லை. பணியிடம்தான் வந்தது.

எங்கள் பெரிய எஞ்ஜினியர் நஞ்சுண்டராவ் நோட்டைப் படித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: "ஏரியில் செய்து காட்டவும். அதன்பின் பணியிடம் பற்றி முடிவு. இறங்க வேண்டியவர், நோட்டு எழுதியவர்."

மூன்று தடவை படித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் நோட்டு எழுதியவன் நானாகவே இருந்தேன். எனக்குத் தெரிந்த நீச்சல், மேலுக்கோட்டைக் கோயில் குளத்தில் லீவுக்கு லீவு கற்ற நாய் நீச்சல் ஒன்றுதான்.

ஆனால் முதல் பேரதிர்ச்சி நீச்சலைப் பற்றியது அல்ல. விதி மூன்றின்படி கருவியைப் பரிசோதிக்கும்போது, வாயில் கடிக்கும் ரப்பர் துண்டில் பல் தடம் தெரிந்தது. இரண்டு வரிசை, தெளிவாக. பம்பாய் வெள்ளைக்காரருடைய பல்!

எங்கள் வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் டம்ளர் உதட்டில் படாது. தூக்கி, அண்ணாந்து, ஊற்றிக்கொள்ள வேண்டும். என் சொந்த டம்ளரைக்கூட என் உதடு அதுவரை தொட்டதில்லை. இருபத்து நாலு வருஷம் இப்படிக் காப்பாற்றிய வாயில், மாமிசம் தின்ற ஓர் அன்னியர் கடித்த ரப்பரை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். புத்தகத்தில் இதற்கு ஒரு வார்த்தை இல்லை. என் நாற்பத்தொரு விதிகளிலும் இல்லை. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கே அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் குழாய்களையும் ரப்பர்களையும் கழற்றி ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"என்னடா இது, பாம்பாட்டியாட்டம்?" என்றாள் அம்மா.

"மூச்சு விடற கருவிம்மா."

"மூச்சு விடறதுக்குக் கருவியா? இத்தனை நாள் நீ எதால விட்டுண்டிருந்தே?"

"தண்ணிக்குள்ள விடறதுக்கு."

அம்மா கிட்டே வந்து பார்த்தாள். அவளுக்குக் கண் கூர்மை. "இதென்ன பல் பட்டிருக்கு? யார் வாயிலே வெச்சது?"

"பம்பாயிலே ஒரு வெள்ளைக்காரர்..."

"பெருமாளே!" இரண்டடி பின்னால் போனாள். "ஆத்துக்குள்ள கொண்டுவந்துட்டியே! கொல்லைக்கு எடுத்துண்டு போ. மொதல்ல அதை நன்னா கொதிக்க வை. புளி போட்டுக் கொதிக்க வை. அப்புறம் நீயும் குளி."

கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். பழைய தவலையில் தண்ணீர் விட்டு, புளி கரைத்து, என் சொந்த யோசனையாகச் சீயக்காயும் போட்டு, ரப்பர்களை இறக்கினேன். வெளிமூச்சுக் குழாயின் கோடியில் ஒரு மெல்லிய ரப்பர் இதழ் இருந்தது. வாத்தின் அலகு மாதிரி. நாம் விடும் மூச்சுக்குத் திறக்கும். தண்ணீர் உள்ளே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். புத்தகத்தில் அதற்குத் தனியாகப் படமே போட்டிருந்தார்கள். எனக்கோ, வெள்ளைக்காரர் விட்ட அத்தனை மூச்சும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது என்பது மட்டும் பட்டது. அதையும் பிடுங்கித் தவலையில் போட்டேன்.

அம்மா கொல்லை நிலைப்படியைத் தாண்டாமல் அங்கிருந்தே மேற்பார்வை பார்த்தாள். "போறாது. இன்னும் ரெண்டு கொதி வரட்டும்." இரண்டு கொதி இருபது கொதி ஆயிற்று. வாசனை தெருக்கோடி வரை போனது. பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னிக்கு என்ன சாத்தமுது, புதுசா மணக்கறதே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். (மற்ற வீடுகளில் ரசம் என்பதைத்தான் எங்கள் வீடுகளில் சாத்தமுது என்பது.)

வெந்து எடுத்தபோது வாத்தின் அலகு லேசாகத் திறந்து, கொட்டாவி விடுவது போல இருந்தது. சுத்தமாகிவிட்டதால் அப்படி இருக்கிறது என்று எண்ணினேன். என் படிப்பைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

திங்கட்கிழமை காலை குண்டலுபேட்டை சாலையில் ஓர் ஏரிக்குப் போனோம். ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் என்னை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம். ஏரிக்கரையில் நஞ்சுண்டராவுக்கு நாற்காலி போட்டு, அவர் சரிகைத் தலைப்பாகைக்கு மேலே குடை பிடித்திருந்தார்கள். ஊரே வந்து கரையில் உட்கார்ந்திருந்தது. மாதப்பன் ஜீப்பிலிருந்து இரும்பு உருளையைத் தலையில் சுமந்து இறக்கி வைத்தார்.

"ஏனுங் சாமி, இதப் போட்டுட்டா எத்தன நேரம் உள்ளார இருக்கலாமுங்க?"

"அரை மணி."

"அரை மணி நேரம் அங்க என்னங்க வேல? மதகுக் கண்ணுல இருக்கற வேர நான் ஒரே மூச்சுல அறுத்துட்டு வந்துருவனுங்களே."

"பார்த்ததை அங்கேயே குறிப்பெழுத வேண்டும்," என்று கழுத்தில் கட்டியிருந்த சிலேட்டைக் காட்டினேன்.

சிலேட்டைப் பார்த்தார். பல்பத்தைப் பார்த்தார். "மீனுக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கப் போறீங்களாக்கும்," என்றார். கரையில் சிரித்தார்கள். பிறகு உருளையை என் முதுகில் கட்டும் சாக்கில் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஆபீசுல பேசிக்கிட்டாங்க. இது நல்லா வேல செஞ்சுட்டா இனி நான் வேண்டாமாமுங்க. மெய்யுங்களா?"

"அரசாங்கம் யோசித்து முடிவு செய்யும்," என்றேன். (அரசாங்கம் என்றால் நான்தான். நோட்டில் இருந்தது என் கையெழுத்து.)

"நீங்க கொஞ்சம் சொல்லுங்க சாமி. எனக்கு வேற தொழில் தெரியாதுங்க. தண்ணிக்கு மேல நான் ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டனுங்க."

நான் விதி பன்னிரண்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கரையிலேயே ஒவ்வொரு விதியாகச் சரிபார்த்து டிக் போட்டேன். காற்று வருகிறதா? இழுத்துப் பார்த்தேன், வந்தது. விட முடிகிறதா? முடிந்தது. புளியும் சீயக்காயும் கலந்த காற்று, ஆனாலும் காற்று. கரையில் நின்றால் அந்த வாத்து அலகு சரியாக மூடாவிட்டாலும் காற்றுதான் வரும், சுற்றிலும் காற்றுதானே இருக்கிறது என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்தொன்றுக்கும் டிக்.

ஈயப் பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் கழன்று விழும்படி அதற்கு ஒரு கொக்கி உண்டு. புத்தகத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அரசாங்கச் சொத்து ஒரே இழுப்பில் ஏரியில் விழுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆகவே விதி பதினேழு: கொக்கியின் மேல் சணலால் இரட்டை முடிச்சுப் போட்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். வைத்தேன். இரண்டு தலைப் பறவை என் தொப்புளுக்கு மேல் பளபளத்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஈயம் என்னை ஒரு மூட்டையைப் போலக் கீழே கொண்டுபோனது. முதல் மூச்சு வந்தது. ஆச்சரியம்! தண்ணீருக்குள் மூச்சு விடுகிறேன்! பச்சை வெளிச்சம், பாசி, மதகுக் கல். சிலேட்டை எடுத்தேன். எந்தக் கடிதமானாலும் எங்கள் ஆபீஸில் "விஷய" என்று கன்னடத்தில் ஆரம்பித்து இரண்டு புள்ளி வைக்க வேண்டும். வைத்தேன்.

இரண்டாவது மூச்சு 'களக்' என்றது. மூன்றாவது மூச்சில் வந்தது காற்றல்ல, ஏரி. புளித்த ஏரி.

அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்டது பயம் அல்ல. பயத்துக்கு நேரமில்லை. அதிர்ச்சி. நாற்பத்தொரு டிக் போட்டவனுக்கு இப்படி நடக்கலாமா என்ற அதிர்ச்சி. வாயிலிருந்து ரப்பரைத் துப்பினேன். மேலே போக உதைத்தேன். ஈயம் விடவில்லை. கொக்கியை இழுத்தேன். கொக்கி தன் கடமையைச் செய்யத் தயாராக இருந்தது, சணல் விடவில்லை. இரட்டை முடிச்சு. நானே போட்டது, நன்றாகப் போட்டிருந்தேன். நகத்தால் அரக்கைச் சுரண்டினேன். அரசாங்க முத்திரையை அனுமதியின்றி உடைப்பது குற்றம் என்று அப்போதும் ஒரு குரல் உள்ளே சொன்னது. சத்தியமாகச் சொன்னது.

பிறகு பச்சை கறுப்பானது. யாரோ ஒரு கை என் குடுமியைப் பிடித்தது. இடுப்பில் ஏதோ சரக்கென்று அறுந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது கரையில் குப்புறக் கிடந்தேன். முதுகை மாதப்பன் அழுத்தி அழுத்தி ஏரியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். கயிறு ஆடிய தினுசைப் பார்த்ததுமே, யாரையும் கேட்காமல் குதித்துவிட்டாராம். உட்கார வைத்தார்கள். நடுக்கம் நிற்கவில்லை. வாயில் ஏதோ ஒரு போத்தலை வைத்தார்கள். சூடாக, இனிப்பாக இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து, உதட்டோடு அழுத்தி, கன்றுக்குட்டி மாதிரி உறிஞ்சினேன். கடைசிச் சொட்டு வரை.

"அட, மெதுவாங்க," என்றார் மாதப்பன். "அது என்ர டீயிங்க. நான் பாதி குடிச்சுட்டு வெச்சிருந்தனுங்க."

போத்தல் வாயில் வெற்றிலைச் சிவப்பு ஒட்டியிருந்தது. என் உதட்டிலும் ஒட்டியிருந்திருக்கும். அம்மா கொதிக்க வைத்த அத்தனை கொதியும் ஒரு நிமிஷத்தில் வீண். நான் அதிர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நஞ்சுண்டராவ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அவர் பேசியது கன்னடம், தமிழில் தருகிறேன். கோபத்துக்கு மொழிபெயர்ப்பு அன்றைக்கு யாருக்கும் தேவைப்படவில்லை.

"கருவி புதிது. பம்பாயில் வேலை செய்தது. இங்கே ஏன் செய்யவில்லை? ஜீப்பிலிருந்து இதை எடுத்தது யார்?"

"நானுங்க," என்றார் மாதப்பன்.

"முதுகில் கட்டியது?"

"நானுங்க சாமி."

"இது வேலை செய்தால் யாருக்கு வேலை போகும்?"

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாதப்பன் ஈரத் தலையோடு நின்றார். அரிவாள் இன்னும் கையில் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க."

"ஆபீஸுக்கு வா. எழுதிக் கொடு. இன்றோடு உன்..."

மாதப்பன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு நான் பதில் தெரிந்தவனாகவே தோன்றவில்லை. பாதி செத்த ஆளிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மயக்கத்தில் இருக்கிறவனை யாரும் விசாரிப்பதில்லை; அதற்கும் விதி உண்டு. மறுபடி குப்புறப் படுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வாயில் டீ இனித்துக்கொண்டிருந்தது.

"சார், அவர் ஒன்றும் செய்யவில்லை. நான்தான் வேகவைத்தேன்."

நஞ்சுண்டராவ் திரும்பினார். "என்ன வைத்தாய்?"

"ரப்பரை. வேக. எச்சில் என்று."

ஒரு கொக்கு எழுந்து பறந்தது.

"எதில் வேகவைத்தாய்?"

"தவலையில், சார்."

"அதைக் கேட்கவில்லை. எதைப் போட்டு?"

"புளி... கொஞ்சம் சீயக்காய்."

"உப்பு?"

"போடவில்லை, சார்."

"ஏனய்யா போடவில்லை?" என்று அவர் கத்தினார் பாருங்கள், அந்த அதிர்ச்சிக்கு முன்னால் ஏரி ஒன்றுமே இல்லை. அதன்பின் கரை முழுக்கச் சிரித்தது. எவ்வளவு நேரம் என்று நான் அளக்கவில்லை. மாதப்பன் மட்டும் சிரிக்காமல், "என்னையக் கேட்டிருந்தா வேப்பங்குச்சியால தேச்சுக் குடுத்திருப்பனே," என்றார். பிறகு மறுபடி முங்கி, அறுந்த பெல்ட்டையும் சிலேட்டையும் எடுத்துவந்து என் காலடியில் வைத்தார். போன கையோடு மதகுக் கண்ணில் இருந்த வேரையும் அறுத்துவிட்டு வந்தாராம். ஒரே மூச்சில்.

சிலேட்டில் "விஷய", இரண்டு புள்ளி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

என் நோட்டு மறுநாள் திரும்பி வந்தது. ஓரத்தில் மூன்று வரி: "முங்கும் ஆள் பணியிடம் தொடரட்டும். கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டவும். எழுதியவரைச் சமையலுக்கு அனுப்பவும்." கடைசி வரி அடிக்கப்பட்டிருந்தது. ஆனால் நன்றாகப் படிக்கும்படி அடிக்கப்பட்டிருந்தது.

அந்தத் தசராவுக்கு ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்க மாதப்பன் மைசூர் வந்தபோது வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஏரியில் என்னைத் தூக்கியவர் என்று தெரிந்ததும் அம்மாவே அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மாதப்பன் டம்ளரை வாங்கி, தலையை அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல், உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். அம்மாவுக்கு அதிர்ச்சி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி இந்தப் பக்கம் காத்திருந்தது: நான் என் டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன், சத்தத்தோடு. ஏரியிலிருந்து வந்த நாள் முதல் எனக்கு அப்படித்தான் குடிக்க வருகிறது. மேலேயிருந்து எதை ஊற்றினாலும் மூன்றாவது மூச்சு ஞாபகம் வந்துவிடும்.

"ரங்கா! என்னடா இது?" என்றாள் அம்மா.

"சாமி!" மாதப்பனும் பதறிவிட்டார். "பெரியம்மா கண்ணுக்கு எதுக்கால எச்ச வெச்சுக் குடிக்கறீங்களே!"

மாதப்பன் அதே பணியிடத்தில், அதே அரிவாளோடு இருந்து ஓய்வு பெற்றார். அவருடைய ஓய்வுக் காகிதங்களை நான்தான் எழுதினேன். "விஷய" என்று போட்டு இரண்டு புள்ளி வைக்கும்போது கை கொஞ்சம் நின்றது.

வீட்டில் அந்தச் சங்கதிக்கு "ரப்பர் சாத்தமுது" என்று பெயர். எதையாவது நான் அளவுக்கு மீறிச் சரிபார்த்தால், பேரன்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சாத்தமுது வாசனை வரதே!" என்பான். போன மாதம் எனக்குக் கொஞ்சம் இளைப்பு. டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து, இதைப் பல்லால் நன்றாகக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்து ஊதுங்கள், நுரையீரலை அளக்க வேண்டும் என்றார். குழாயின் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெறும் பழக்கம், வேறொன்றுமில்லை.

பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள். "ஏன்னா, புளி கரைக்கட்டுமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் குழாயை வாயில் வைத்துக் கடித்து ஊதினேன். இந்த வயதுக்கு நல்ல நுரையீரல் என்றார் டாக்டர்.